கியர் ஒயிலும் அப்பாவின்ர கொப்பியும்

காலையில் வானை ஸ்ராட் பண்ணி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘டி’யில் போட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவேண்டும். மூன்றில் ஒரு குலுக்கு. பிறகுதான் வான் அசையும். “அவர் இன்னும் நித்திரையால எழும்பேல்லை” என்று அப்பா பகிடி விட்டுச் சமாளிப்பார். 2024 மார்கழியில் கம்பஸ் லீவுக்கு வந்து நின்றபோது நான்தான் அதை எண்ணிப் பார்த்தேன். முந்தின வருஷம் ஒன்று எண்ண முதலே ஏறிவிடும் என்று எனக்கு நல்ல ஞாபகம்.

எங்கட வான் ரொயோட்டா ரவுண்ஏஸ் நோவா, 1998 மொடல், டீசல், ஓட்டோமற்றிக். 2011இல் அம்மாவின்ர தாலிக்கொடி தவிர்ந்த மிச்ச நகையெல்லாம் அடகுக்குப் போய் வந்த வான். கட்டுநாயக்கா ஹயர், கலியாண ஹயர், நல்லூர்த் திருவிழாவுக்கு வாற வெளிநாட்டுச் சொந்தங்களை ஏத்தி இறக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளோட நுவரெலியா. என்னையும் தம்பியையும் படிப்பிக்கிறது அதுதான். 2020 பங்குனியில் நிற்பாட்டின வாகன இறக்குமதி அந்த மார்கழியில் இன்னும் திறக்கவில்லை. 2025 மாசியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் எங்களுக்கு அது பூட்டின கதவுதான். ஆகவே இந்த வானுக்குப் பதில் இன்னொரு வான் என்ற கதையே இல்லை. தை பிறந்தால் நாலு கலியாணம், ஆறு எயார்போட் ஹயர். அட்வான்ஸ் காசும் வாங்கி, அதில் தம்பியின்ர ரியூஷன் காசும் கட்டியாச்சு. முறிகண்டிக்கு அங்கால சாமம் இரண்டு மணிக்கு, பிளேனுக்குப் போற சனத்தோட கியர்பொக்ஸ் நின்றால் என்ன செய்யிறது?

“கியர் ஒயில் எப்ப மாத்தினது அப்பா?”

“அது மாத்திற சாமான் இல்லைப் பிள்ளை.”

இதைத்தான் அப்பாவின்ர வழமையான கராஜிலும் சொன்னார்கள். நான் தனியப் போனதால் முதலில் “தங்கச்சி, அப்பாவை வரச்சொல்லும்” என்ற பதில்தான் கிடைத்தது. விடாமல் நின்று கேட்டதில் அந்த அண்ணை விளக்கினார். “பழைய ஒயிலுக்குள்ள கிளட்ச் பிளேட் தேஞ்ச தூள் கிடக்கு. அந்தத் தூள்தான் இப்ப பிளேட்டைப் பிடிச்சு வச்சிருக்கு. புது ஒயிலை விட்டீரெண்டால் வழுக்கத் தொடங்கும். ஒரு கிழமையிலை கியர்பொக்ஸ் போயிடும். நான் எத்தினை பேரைக் கண்டனான்.” புதுசாகக் கியர்பொக்ஸ் போடவேண்டி வந்தால் பாவிச்சதுக்கே இரண்டு லட்சத்துக்கு மேலே முடியும் என்றும் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மைதான். ஆனால் ஆர் அவரிட்ட வாறது என்று யோசிச்சுப் பாருங்கோ. ஓடுற வண்டிக்கு ஒருத்தரும் கியர் ஒயில் மாத்துவதில்லை. வழுக்கத் தொடங்கி, மணக்கத் தொடங்கி, இனி ஏலாது என்ற கட்டத்தில்தான் கொண்டுவருவினம். அந்த நிலையில் எந்த ஒயிலை விட்டாலும் அது போகத்தான் போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாச் செத்துப்போவினம் என்று அம்மம்மா சொல்லுவா. அவவின்ர காலத்தில் சாகப்போற ஆக்களை மட்டும்தான் கொண்டுபோனவை.

அண்ணை சொன்னதில் கவனிக்கவேண்டிய ஒரு பக்கமும் இருக்கு. ஓட்டோமற்றிக் கியருக்குள் இருக்கிற ஒயில் என்ஜின் ஒயில் மாதிரி வெறும் வழுக்கலுக்கு மட்டும் இல்லை. என்ஜின்ர பலத்தைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிற ரோர்க் கொன்வேட்டருக்குள் சுழலுறதும் அதுதான். வால்வ் பொடி என்ற, எறும்புப்புற்று மாதிரி ஓடைகள் நிறைந்த துண்டுக்குள்ளால அழுத்தமாகப் போய் கிளட்ச் பிளேட்டுகளை நெரித்துப் பிடிக்கிறதும் அதுதான். சூட்டைக் கொண்டுபோறதும் அதுதான். இருபது வருஷம் மாத்தாமல் விட்டால் அந்த ஓடைகளில் படிவு பிடிக்கும். புது ஒயிலில் இருக்கிற கழுவுற மருந்து அந்தப் படிவைக் கிளப்பி வேறொரு ஓடையை அடைத்துவிடலாம். அழுத்தம் குடுத்து முழுசாக அலசி எடுக்கிற மெஷினுக்குப் பழைய வண்டியைக் குடுக்க ஆக்கள் பயப்பிடுகிறது இதால்தான். பயத்தில் நியாயம் இருக்கு. அதுக்காக ஒருநாளும் மாத்தக்கூடாது என்று வராது.

சில கொம்பனிகள் ‘வாழ்நாள் ஒயில்’ என்றும் சொல்லுகின்றன. ஆற்ற வாழ்நாள் என்றுதான் கேட்கவேண்டும். கையேடுகளைப் பார்த்தால் அநேகமாக ‘கடுமையான பாவனை’ என்று ஒரு பிரிவு தனியாக இருக்கும்: வெக்கை நாடு, முழுப்பாரம், மலையேற்றம், நின்று நின்று போற நெரிசல். வாசித்தபோது சிரிப்பு வந்தது. எட்டுப் பேரையும் அவையின்ர பெட்டிகளையும் ஏத்திக்கொண்டு கடுகண்ணாவ ஏறுகிற எங்கட வானைப் பார்த்து எழுதின மாதிரியே கிடந்தது. அப்படியான பாவனைக்கு 40,000, 60,000 கிலோமீற்றரில் ஒருக்கா மாத்துவது பிழையே இல்லை. ஒயிலைக் கொல்லுகிறது தூரத்தைவிடச் சூடுதான்.

சரி, எங்கட வான் எவ்வளவு ஓடியிருக்கு? இதுதான் எனக்கு ருசியான பகுதி. நான் வரலாறு படிக்கிறவள்.

அப்பாவிடம் மூன்று சீஆர் கொப்பி இருக்கு. 2011இல் இருந்து ஒவ்வொரு ஹயரும், ஒவ்வொரு செலவும், மீற்றர் இலக்கத்தோட. 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா என்ஜின் ஒயில், ரைமிங் பெல்ற், பிரேக், ரயர். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பக்கம் பக்கமாக ஹயரே இல்லை, ‘செற்றுக்கு வரிசை’ என்று மட்டும் கிடக்கு. கியர் ஒயில் என்ற சொல் மூன்று கொப்பியிலும் ஒரே ஒருக்கா: 2016, ‘கியர் ஒயில் விட்டது 1 லீ.’ குறைந்ததுக்கு விட்டது, மாத்தினது இல்லை. வாங்கினபோது மீற்றர் 64,000. இப்ப 298,000. 234,000 கிலோமீற்றர் அதே ஒயில்.

அதுக்கு முந்தின காலத்துக்கு ஆவணம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வானைக் கழுவுகிறபோது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு பூட்டுகிற தூணில் ஒரு சின்ன ஸ்ரிக்கர். யப்பான் எழுத்து. ஒரு மூலையை ஆரோ நகத்தாலயோ பிளேட்டாலயோ சுரண்டியிருக்கினம். படம் எடுத்து ஏ.எல்.லுக்கு யப்பான் மொழி எடுத்த சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் பத்து நிமிஷத்தில் வொய்ஸ் அனுப்பினாள். “ஒயில் மாத்தின சீட்டு. என்ஜின் ஒயிலுக்கும் ஓட்டோமற்றிக் ஒயிலுக்கும் அடையாளம் போட்டிருக்கு. ஹெய்செய் 13 எண்டு வருஷம், அது 2001. கிலோமீற்றர் 71,200.”

2001இல் யப்பானில் 71,200 ஓடின வான், 2011இல் யாழ்ப்பாணத்தில் 64,000 காட்டியிருக்கு.

மீற்றர் வெட்டுகிற கதை இலங்கையில் புதுசில்லை. என்றாலும் எங்கட வீட்டில் ‘அறுபத்துநாலாயிரம்தான் ஓடின வான்’ என்பது ஒரு பெருமை. அப்பா வாற சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். அம்மா நகையைக் குடுத்ததுக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதுதான். இடையில் இருந்த பத்து வருஷம் கொழும்பிலயோ எங்கயோ எவ்வளவு ஓடினது என்று ஒரு மூலாதாரமும் சொல்லாது. உண்மையான கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டினது என்று மட்டும் சொல்லலாம்.

அப்பாவுக்குச் சொல்லுகிறதா விடுகிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் ஒயிலை மாத்தச் சொல்ல எனக்கு வேற காரணம் இருக்கவில்லை. அவர் மாத்தமாட்டேன் என்று நிற்கிறதுக்கும் காரணம் எனக்கு விளங்கினது: கை வைக்காமல் பழுதாய்ப்போனால் விதி. கை வைத்துப் பழுதாய்ப்போனால் கை வைத்தவரின்ர பிழை.

கடைசியில் அடுப்படி வாசலில் வைத்துப் படத்தைக் காட்டினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “தெரியும்.”

“என்னெண்டு?”

“வாங்கி ரெண்டு கிழமையிலை ஒருத்தன் வாசிச்சுச் சொன்னவன்.”

“பிறகேன் எல்லாருக்கும் அறுபத்துநாலெண்டு சொன்னனீங்கள்?”

“கொம்மா நகையெல்லாம் குடுத்துப்போட்டு இருந்தவ.”

சுரண்டினதும் அவர்தானாம். 2014இல் ஒருக்கா விற்கப் பார்த்தவராம். “அரைவாசியிலை விட்டிட்டன்” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா உள்ளே தேங்காய் திருவுகிற சத்தம் நின்றிருந்தது, பிறகு திரும்பத் தொடங்கினது.

அண்டைக்குப் பின்னேரம் அப்பாவே வானைச் சூடாக்கி, சமதரையில் நிற்பாட்டி, கியரை எல்லா இடத்துக்கும் ஒருக்கா கொண்டுபோய் ‘பி’யில் விட்டு, என்ஜின் ஓட ஓட டிப் ஸ்ரிக்கை இழுத்தார். இப்படித்தான் பார்க்கவேண்டும். நிற்பாட்டி வைத்துப் பார்த்தால் அளவு பிழையாகக் காட்டும். ஒரு துளியை வெள்ளை ரிசூவில் விட்டோம். புது ஒயில் என்றால் நன்னாரி சர்பத் மாதிரிச் சிவப்பு. எங்கடது பிளேன்ரீ. மணந்து பார்த்தேன், கருகின மணம் இல்லை. கறுப்பாய், கருகின மணத்தோட, கியரும் வழுக்கினால் நேரம் பிந்திவிட்டது. மண்ணிறமாய், மணமில்லாமல், ‘டி’க்கு ஏறச் சுணங்குது என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. இரண்டாவதில் நாங்கள் நின்றோம்.

வேறொரு கராஜில், அழுத்தம் குடுத்து அலசாமல், கீழ் போல்ட்டைக் கழட்டி வருகிறதை மட்டும் விட்டு, அந்தளவு புதுசை ஊத்தச் சொன்னோம். ரோர்க் கொன்வேட்டருக்குள் நிற்கிறது இதில் வராது. ஒவ்வொரு தரமும் பாதி வருகிறதென்று வைத்துக்கொண்டால், முதல் தரத்தில் பாதி புதுசு, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் கிட்டத்தட்ட எண்பத்தெட்டு வீதம். இடையில் ஓடவிட்டு மெல்ல மெல்ல. செலவு கூடத்தான். ஒரு எயார்போட் ஹயர் முழுக்க அதுக்கே போனது. அடித்தட்டைக் கழட்டினபோது அந்தப் பாஸ் என்னைக் கூப்பிட்டு உள்ளே இருந்த காந்தத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன், பசை மாதிரி. “இது தேய்மானம், வழமை. வெட்டுத்துண்டு இருந்தாத்தான் பயம்” என்றார். துண்டு இல்லை. பில்ற்றரும் புதுசு போட்டார்.

உங்கட வீட்டில் நிற்கிறது விற்ஸ், வாகன்ஆர் மாதிரி சீவீரி கியர் என்றால் இந்தக் கதையில் உள்ள ஒயிலை விடவேண்டாம். அதுக்கு வேற ஒயில். மாறி விட்டால் உண்மையாகவே கியர்பொக்ஸ் பழுதாய்ப் போகலாம்.

முதல் தரம் மாத்தின கிழமை நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. காலையில் அப்பா ஸ்ராட் பண்ணும்போது படுக்கையில் இருந்தே எண்ணுவேன். மூன்று. அடுத்த நாளும் மூன்று. இரண்டாவது தரம் மாத்தி முதல் கட்டுநாயக்கா ஹயர் போய் வந்த பிறகு இரண்டு. இப்ப ஒன்றரை என்று சொல்லலாம், குளிர்ந்த விடியலில் இரண்டு. முற்றாகச் சுகம் வரவில்லை. ஆனால் தை மாதக் கலியாணம் நாலும் முடிந்தது, ஹயர் ஆறும் ஓடினது.

மூன்றாவது தரம் மாத்தின அண்டு அப்பா ஒரு துண்டு மாஸ்கிங் ரேப்பைக் கிழித்துக் கதவுத் தூணில் ஒட்டி, பேனையை என்னிடம் தந்தார்.

“எத்தினை கிலோமீற்றரெண்டு எழுத?” என்று கேட்டேன்.

“மீற்றரிலை நிக்கிறதை எழுது. அடுத்தது எப்பவெண்டு பாக்கத்தானே.”

302,400, கியர் ஒயில், அடுத்தது 342,400 என்று எழுதினேன். பக்கத்தில் அந்த அரைவாசி சுரண்டின ஸ்ரிக்கர் அப்படியே இருக்கு. விற்கிற நாள் வந்தால் அதை என்ன செய்கிறதென்று நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கதைக்கவில்லை.