பெல்ஃபாஸ்ட்டில் ஒரு பம்பாய் தெரு!

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பம்பாய் தெரு இருக்கிறது. பக்கத்திலேயே காஷ்மீர் ரோடு! ‘அட, நம்மாளுங்க!’ என்று குஷியாக நுழைந்தால், பேருக்குக்கூட ஒரு இட்லிக்கடை இல்லை.

தெருவின் பின்னால் ஆகாசத்தை மறைத்துக்கொண்டு ஒரு சுவர். இந்தப் பக்கம் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். அந்தப் பக்கம், பிரிட்டனை விடமாட்டோம் என்கிற புராட்டஸ்டன்டுகள். 1969 ஆகஸ்டில் இந்தத் தெருவைக் கொளுத்தினார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் நாட்டுக் கலவரத்தில் சுமார் 3,500 உயிர்கள் போயின. சுவரின் பெயர் தெரியுமோ? ‘சமாதானச் சுவர்’!

வீட்டுக் கொல்லைகளில் கம்பிவலைக் கூண்டு. “எதுக்குங்க?” என்றேன் டாக்ஸிக்காரரிடம்.

“கல்லு வரும் சார்!”

தெருவை ஒட்டியே க்ளோனார்டு மடாலயம். 1981-ல் இங்குள்ள கத்தோலிக்கர்களும், ஃபிட்ஸ்ராய் சர்ச் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து பைபிள் படிக்க ஆரம்பித்தார்கள். ஃபாதர் ஜெர்ரி ரெனால்ட்ஸும் போதகர் கென் நியூவலும், செத்தவர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் துக்கம் விசாரிக்கப் போனார்கள்.

நம்மூர் பங்காளிச் சண்டையை நினைத்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் முகம் பார்க்காதவன் சாவு வீட்டு வாசலில் வந்து நின்றால், ‘வந்துட்டானே!’ என்று பாதிக் கோபம் போய்விடுமே... அதே வைத்தியம்தான்!

1988-ல் அரசியல் எதிரிகளான ஜான் ஹ்யூமையும் ஜெர்ரி ஆடம்ஸையும் ரகசியமாகப் பேச வைத்தவரும் இம்மடத்துப் பாதிரியார்தான் - ஃபாதர் அலெக் ரீட். 1998 ஏப்ரல் 10-ல் சமாதான ஒப்பந்தமே வந்துவிட்டது.

சுவர் மட்டும் போகவில்லை. வழியில் இருக்கிற கேட்டை ராத்திரி பூட்டிவிடுகிறார்கள்.

“காலையில திறந்துடறாங்க இல்ல சார்!” என்றார் டாக்ஸிக்காரர்.