ஒரு கோடி நட்சத்திரமும் அப்பாவின் கண்ணும்

அரியர் வைத்தவனுக்கு ராத்திரி தூக்கம் வராது என்பார்கள். எனக்கு நன்றாகவே வரும். தூங்க விடாதது கரண்ட்தான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச, த்ரீ பேஸ் வருகிறவரை அப்பாவும் நானும் மோட்டார் கொட்டகையில் காத்துக் கிடப்போம்.

போன வருஷம் சித்திரைக் கடைசியில் அப்படி ஒரு ராத்திரி. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பைனாகுலரும், லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்து வரைந்த படமும் கையில். மணி பத்தரை இருக்கும். தெற்கே தைலமரங்களுக்கு மேலே தென்சிலுவை. அதற்கு இடப்பக்கம், இன்னும் உயரத்தில், மங்கலாக ஒரு நட்சத்திரம். பைனாகுலரை வைத்தால் நட்சத்திரம் இல்லை, உருண்டையாக ஒரு புகை!

அதுதான் ஒமேகா சென்டாரி. தாலமி அந்தக் காலத்தில் இதை நட்சத்திரம் என்றே பட்டியலில் சேர்த்துவிட்டார். 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திர ஹாலியேதான்) இது வேறு என்று கண்டுகொண்டார். சுமார் 1 கோடி நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துப் பந்தாகத் திரண்ட கொத்து. தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு. லண்டனில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கோ 30 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் ஜவ்வாது மலைக் காவலூருக்கும் இந்தத் தென்வானம் எட்டும்.

"அப்பா, அந்தா பாருங்க, புகை மாதிரி ஒண்ணு தெரியுதா?"

"இதுல என்னடா அதிசயம்? எனக்கு எல்லா நட்சத்திரமும் அப்படித்தான் தெரியுது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரெண்டு வருஷமாக அப்படித்தானாம். ராத்திரி வரப்பில் காலால் தடவித்தான் நடக்கிறாராம். "உன் படிப்பு முடியட்டும், பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். அன்றைக்கு மோட்டார் போட எனக்குக் கை ஓடவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். (மேத்ஸ் அரியர் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள்.)

இந்தச் சித்திரையில் அதே கொட்டகை. பைனாகுலரை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"மத்ததெல்லாம் புள்ளி புள்ளியா சுத்தமா இருக்குடா. அந்த ஒண்ணு மட்டும் அழிஞ்சாப்ல இருக்கு."

"அதேதான்ப்பா!"

கரண்ட் வந்தது. அப்பா பைனாகுலரைத் தரவில்லை. நான் போய் ஸ்டார்ட்டரை அமுக்கினேன்.