வழக்கில்லாத கதை

சென்ற விடுமுறையில் இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த என் பேத்தி, ஒருநாள் மாலை தலையணை போன்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்மா, கதையில் யாரேனும் இறந்துவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"ஒருவரும் இறக்கவில்லை, தாத்தா. இறந்தாலாவது பரவாயில்லை. முந்நூறு பக்கமாக ஒன்றுமே நடக்கவில்லை!" என்றாள்.

அது ரொபேர்ட் ஜோர்டான் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'காலச் சக்கரம்' என்னும் மாயக் கதைத் தொடர். அதன் முதற் புத்தகம் 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. கதை முடியுமுன்பே 2007இல் ஆசிரியர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற மற்றோர் எழுத்தாளர் அதனைத் தொடர்ந்தெழுத, 2013இல் பதினான்காம் புத்தகத்தோடு கதை நிறைவெய்தியது. என் பேத்தியோ எட்டாம் புத்தகத்தில் நின்றுகொண்டிருந்தாள். நடுவிலுள்ள சில புத்தகங்களில் சுவை குன்றிவிடுகிறது என்று தோழியர் முன்பே எச்சரித்திருந்தார்களாம்.

"இன்னும் ஆறு புத்தகம் கிடக்கிறது, தாத்தா. படிப்பதா, விடுவதா? நீங்களே சொல்லுங்கள்."

நான் உடனே விடை கூறவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்திலே, இஸ்தோப்பில் அமர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் அதே கேள்வியோடு நான் போராடியிருக்கிறேன்.

கேகாலைச் சீமையில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள். இறப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் விழாது, மழைநீரோடு மரத்தில் வழிந்து வீணாகும். ஆகவே, விடியுமுன் மழை பிடித்துக்கொண்டால் அன்று பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாள் பெரும்பாலும் கூலியில்லாத நாள். வயிற்றுக்குக் கெட்ட நாளாகிய அதுவே எங்கள் கதைக்கு நல்ல நாள்! என் தந்தையார் வெட்டுக் கத்தியைத் துடைத்துச் செருகிவிட்டு, "பெரிய புள்ள, அந்தப் பொஸ்தகத்தை எடு" என்று அக்காளை அழைப்பார்.

'பொஸ்தகம்' என்பது அம்புலிமாமா. 1947ஆம் ஆண்டு சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்த மாத இதழ், கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, எங்கள் லயத்துக்கு வந்து சேரும். வந்ததும் நாங்கள் முதலில் தேடுவது விக்கிரமாதித்தன் கதையைத்தான். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை ஒருமுறை கண்டவர் மறப்பரோ? இடக்கையால் பிணத்தைத் தோளில் தாங்கி, வலக்கையில் வாளேந்தி, மயானத்தின் நடுவே நடக்கும் மன்னன்! அந்த ஓவியர் 2020ஆம் ஆண்டு மறைந்த செய்தியை அறிந்தபோது, என் இளமையில் ஒரு பகுதியே அவரோடு போய்விட்டதாக உணர்ந்தேன்.

கதையின் அமைப்பை நான் விளக்க வேண்டுவதில்லை. மன்னன் மரத்திலிருந்து பிணத்தை இறக்கிச் சுமந்து செல்ல, அதனுள்ளிருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடியும் மரத்துக்குப் போய்விடும்.

என் தந்தையாருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆயினும், கதை கேட்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வேதாளம் கேள்வி கேட்டவுடன் கையை உயர்த்தி அக்காளை நிறுத்திவிடுவார். மன்னனுடைய விடையை வாசிக்க விடமாட்டார். இஸ்தோப்பில் இருப்பவர் ஒவ்வொருவரும் தம் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். கடைசியிலேதான் மன்னனுடைய முறை வரும்.

தலை மாறிய கதை வாசித்த நாள் எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. காளி கோயிலில் கணவனும் தமையனும் தலை துணித்துக்கொண்டு இறந்துகிடக்க, தேவியின் அருளால் அவர்களை உயிர்ப்பிக்க முயலும் பெண், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவரில் எவன் அவளுடைய கணவன்? லயமே இரண்டாகப் பிளந்தது. "தலைதானே மனுசன்!" என்றார் கங்காணி. "தாலி கட்டினது தலையா, கையா?" என்று திருப்பிக் கேட்டாள் எங்கள் அப்பாயி. அன்று மாலை மழை விட்ட பிறகும் வழக்கு ஓயவில்லை. தலையே தலையாயது என்று மன்னன் சொன்ன தீர்ப்பை அப்பாயி இறக்கும்வரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதைக்கடலில் உள்ள வேதாளக் கதைகள் மொத்தம் இருபத்தைந்துதான். இறுதிக் கதையில் வரும் உறவுமுறைச் சிக்கலுக்கு விடை அறியாமல் மன்னன் மௌனமாக நடக்க, வேதாளம் மகிழ்ந்து, அவனைப் பலியிடக் காத்திருக்கும் வஞ்சகனைப் பற்றி எச்சரித்துவிடும். கதை அங்கே முடிகிறது. ஆனால், மாதந்தோறும் வெளிவரும் இதழுக்கு இருபத்தைந்து கதை எம்மட்டு? இரண்டு ஆண்டுக்குச் சற்றே மேல். வாசகரோ வேதாளத்தை விடுவதாயில்லை. ஆகவே புதுப்புதுக் கதைகளைக் கோத்து, நூற்றுக்கணக்காக, பல பத்தாண்டுகள் அத்தொடர் நடந்தது.

இவ்வாறு நேர்வது நம் நாட்டில் மட்டுமன்று. ஓஸ் என்னும் மாயநாட்டைப் படைத்த அமெரிக்கர் பிராங் பாம், 1910இல் ஆறாம் புத்தகத்தோடு அந்த நாட்டின் கதவை அடைத்துவிட்டார். குழந்தைகளின் கடிதங்களும் பணமுடையும் விடவில்லை. 1913இல் மீண்டும் கதவைத் திறந்து, 1919இல் இறக்கும்வரை எழுதினார். அவருக்குப் பின் ரூத் பிளம்லி தொம்சன் என்ற அம்மையார் மேலும் பத்தொன்பது புத்தகங்கள் எழுதினார்! கதை கேட்போரின் அன்பே சில வேளைகளில் கதையை இளைக்கச் செய்துவிடுகிறது.

எங்கள் வேதாளமும் இளைத்தது. படம் அதே படம். தொடக்கமும் முடிவும் அவையே. கேள்விதான் மாறிப்போயிற்று. பழைய கதைகளில் தராசின் இரு தட்டும் சமமாக நிற்கும். பிந்திய கதைகள் பலவற்றில் ஒரு தட்டு தொடக்கத்திலேயே தரை தட்டிக் கிடக்கும். வழியிலே கண்டெடுத்த பொற்கிழியை ஏழையொருவன் உரியவனிடம் சேர்ப்பித்துவிட்டு, பரிசையும் மறுத்துவிடுகிறான். அது மடமையா, மாண்பா? இத்தகைய கதை வந்தால் இஸ்தோப்பில் எல்லாரும் ஒரே விடை சொல்லிவிட்டு எழுந்து போக முற்படுவார்கள்.

அப்போது என் தந்தையார், "இருங்க. இதுல வழக்கே இல்லையே!" என்பார். சற்று யோசிப்பார். "சரி, அவன் வீட்டில புள்ளை காய்ச்சலோட கிடக்கு, மருந்துக்குக் காசு இல்ல. இப்பச் சொல்லுங்க, அந்தப் பரிசை வேணாங்க அவனுக்கு உரிமை உண்டா?"

எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள். மழையினால் கூலி இழந்து, வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்கள் அல்லவா அவர்கள்!

1964ஆம் ஆண்டு செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களை எண்ணிப் பங்கிட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. அக்காளைக் கட்டிய குடும்பம் முதற் கணக்கில் சேர்ந்தது; நாங்கள் இரண்டாம் கணக்கில். 1972ஆம் ஆண்டு அவள் தலைமன்னாரில் கப்பலேறினாள். கூடலூர்ப் பக்கத்திலே, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இங்கே கொழுந்தையே அறியாமல் பால் வெட்டி வளர்ந்தவள், அங்கே போய்க் கொழுந்து கிள்ளக் கற்றாள்.

அக்காலத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. அம்புலிமாமா வருவது நின்றது. ஆயினும் எங்கள் வழக்குமன்றம் நிற்கவில்லை. அக்காள் அங்கே இதழை வாங்கி, அந்த மாதத்து வேதாளக் கதையைச் சுருக்கி, நீல நிற வான்கடிதத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எழுதி அனுப்புவாள். கேள்வியை மட்டும் எழுதுவாள். மன்னனுடைய விடையை எழுதமாட்டாள். நான் வாசிக்க, தந்தையார் தீர்ப்புச் சொல்ல, அதனை நான் எழுதி அனுப்புவேன். அடுத்த கடிதத்திலேதான் மன்னனுடைய விடை வரும். வழக்கைத் திருத்தாமல் தந்தையார் தீர்ப்புச் சொன்ன மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கதைகள் மட்டமானவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும், அவ்வளவு ஆவலோடு வேறெந்தக் கதைக்கும் நான் காத்திருந்ததில்லை. 1977க்குப் பின் இதழ்கள் மீண்டும் வரலாயின. அப்போதும், கடையிலே தொங்கும் இதழை வாங்காமல் அக்காளின் கடிதத்துக்கே காத்திருந்தோம்.

1979ஆம் ஆண்டு தந்தையார் பாரிசவாதத்தில் விழுந்தார். பேச்சுப் போய்விட்டது. அந்த வேளையில் அக்காளின் கடிதம் வந்தது. அண்ணன் தன் பங்கு நிலத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தூர தேசம் போய்விடுகிறான்; இருவரில் எவன் உயர்ந்தவன்? அக்காளுக்கு அப்போது கைக்குழந்தை. கடல் கடந்து வர அவளிடம் பணமுமில்லை, பத்திரமுமில்லை. உண்மையை எழுதி அவளைத் துடிக்கவைப்பானேன் என்று நினைத்து, "அண்ணனே உயர்ந்தவன் என்று அப்பா சொல்கிறார்" என எழுதிவிட்டேன்.

பதில் விரைந்து வந்தது. "தம்பி, இது அப்பாவின் தீர்ப்பு அன்று. போனவனைப் பற்றியே கேட்கிறீர்களே, தனியே நின்றவனைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்றுதான் அப்பா முதலில் சொல்லியிருப்பார். அப்பாவுக்கு என்ன? மறைக்காமல் எழுது."

எழுதினேன். அந்தக் கடிதம் கூடலூரை அடைந்த வாரத்திலேயே தந்தையார் கண்மூடினார். அக்காளால் வர முடியவில்லை. ஆனால், தந்தையின் நிலையை அறியாதவளாக அவள் இருக்கவில்லை. அந்தச் சிறு நன்மையையாவது எங்களுக்குச் செய்தது ஒரு மட்டமான கதையே.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, "அப்படியானால், சுவை குன்றினாலும் முடிவுவரை படித்தே ஆகவேண்டும் என்கிறீர்களா?" என்றாள்.

இல்லை. இந்தக் கதையின் மறுபாதியையும் நான் சொல்ல வேண்டும். தந்தையார் போன பிறகு, ஆசிரியத் தொழிலில் அமர்ந்து கையில் காசு புழங்கியபோது, அம்புலிமாமாவை மாதந்தவறாமல் வாங்கினேன். ஆறு ஆண்டுகள் வாங்கினேன். பழக்கத்தால் பக்கங்களைப் புரட்டினேனேயன்றிப் படித்தேன் என்று சொல்வதற்கில்லை. நிறுத்துவது ஏதோ துரோகம் போலத் தோன்றியது. ஒருநாள், மூன்று மாத இதழ்கள் பிரிக்கப்படாமலே கிடப்பதைக் கண்டேன். அன்றே நிறுத்தினேன். வானம் இடிந்து விழவில்லை. தலை மாறிய கதையும் சுவை கெட்டுப்போகவில்லை. அந்த இதழும் 2010க்குப் பின் சில ஆண்டுகளில் வெளிவராமல் நின்றுவிட்டது.

ஆகவே, பேத்திக்கு நான் கூறிய விடையையே மாணவ நேயர்களுக்கும் கூறுகிறேன். பின்வந்த பாகம் மோசமாக இருப்பதால் முன்வந்த பாகம் கெட்டுவிடாது. அந்தப் பயம் வேண்டாம். இதுவரை ஏழு புத்தகம் படித்துவிட்டோமே என்பதும் எட்டாவதைப் படிக்கக் காரணமாகாது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவதை ஒக்கும் அது. எழுத்தாளருக்கு நாம் கடன்பட்டவரும் அல்லர். கேட்டுப்பார்க்க வேண்டியது ஒன்றே: இக்கதையைப் படித்தபின் யாரோடேனும் வழக்காட உனக்கு ஆசை எழுகிறதா? எழுமாயின், குறையுள்ள கதையையும் படி. அதன் குறையை நீயே திருத்தப் பார். நல்ல கதை நமக்குத் தராத பயிற்சியை அது தரும். ஆசை எழவில்லையாயின், புத்தகத்தை மரியாதையோடு மூடி அலுமாரியில் வைத்துவிடு.

பேத்தி சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "தாத்தா, இதில் ஒருவன் இருக்கிறான். உலகத்தைக் காக்கவேண்டியவன் அவன்தான். ஆனால், காக்கும் சக்தியைத் தொட்டால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அவன் அதைத் தொடலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

"கூடாது" என்றேன்.

"ஏன் கூடாது?" என்று சண்டைக்கு வந்தாள்.

இரவுச் சாப்பாடு ஆறிப்போயிற்று. நேயர்களே, எட்டாம் புத்தகத்தை அவள் முடித்தாளா என்று கேட்காதீர்கள். ஒன்பதாம் புத்தகத்தைத் தோழியிடம் இரவல் கேட்டிருப்பதாகச் சென்ற வாரம் சொன்னாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.