நன்மையின் வேர்

ஞாயிறு திருப்பலியில் வாசகம் படிக்கும் வாய்ப்பு எனக்குப் பத்து வயதிலேயே கிட்டியது. படித்து முடித்து இறங்குகையில் என் கண்கள் அம்மம்மாவின் முகத்தைத் தேடும். பூசை முடிந்ததும், “என்ரை பிள்ளை வடிவாய் வாசிச்சது” என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்க அவர் சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுத்த ஞாயிறை எதிர்பார்த்திருப்பேன்.

பல ஆண்டுகளின் பின், பல்கலைக்கழக விடுதியில் நண்பன் ஒருவன் காய்ச்சலில் விழுந்தான். மூன்று இரவுகள் அவனருகில் விழித்திருந்து கஞ்சி பருக்கினேன். கிறிஸ்துவின் அன்பே என்னை ஏவியதென்று நம்பினேன். அவன் தேறிய பின்பு, பலர் முன்னிலையில் வேறொருவனுக்கு நன்றி கூறினான். என் நெஞ்சு கொதித்தது. அக்கொதிப்பே எனக்கு உண்மையைக் காட்டிற்று: கட்டிலருகே விழித்திருந்தவன், அம்மம்மாவின் முகத்தைத் தேடிய அதே சிறுவன்.

புனித அகுஸ்தீனாரின் வாழ்வு இவ்விடத்தில் எனக்குத் துணையாயிற்று. அவர் கார்த்தேஜ், உரோமை, மிலான் ஆகிய நகரங்களிற் சொற்கலை கற்பித்தவர். பாராட்டை நாடி வாழும் தொழில் அது. சிறுவனாய்ப் பாடசாலையில் யூனோ தேவியின் சினத்தைப் பேசிக் காட்டிக் கைதட்டல் பெற்றதை ‘அறிக்கைகள்’ முதல் நூலில் அவர் நினைவுகூருகின்றார். 387 இல் திருமுழுக்குப் பெற்றார், பின்னர் ஆயருமானார். ஆயினும், அதே படைப்பின் பத்தாம் நூலில், புகழாசை தம்மை இன்னும் சோதிப்பதாக ஒப்புக்கொள்கின்றார். புகழை இகழ்ந்து பேசுவதிலுங்கூட அவ்வாசை ஒளிந்திருக்கும் என்கின்றார். திருமுழுக்குப் பாவத்தைக் கழுவலாம். பழக்கத்தின் தடத்தை ஒரே நாளில் அழித்துவிடுவதில்லை என்பதை அவரிடமே கற்றேன்.

அவ்வாறாயின், நோக்கம் தூய்மையாகும்வரை நற்செயலை நிறுத்தி வைப்பதா? அகுஸ்தீனார் நிறுத்தவில்லை. தம் நெஞ்சின் கலப்பை இறைவனிடம் மறைக்காது கூறியவாறே, 430 இல் இறக்கும்வரை மறைப்பணி ஆற்றினார்.

அம்மம்மாவை நான் நோவதற்கில்லை. அவரது பாராட்டே என்னை வாசக மேடைக்கும், பின்னர் நோயாளியின் கட்டிலுக்கும் அழைத்துச் சென்றது. அங்கிருந்து அப்பாற் செல்வது என் பொறுப்பு. என் நோக்கம் கலப்புடையதே. எனினும் நண்பனின் பசிக்கு அந்தக் கஞ்சி உதவிற்று. இன்று எவருக்கேனும் உதவச் செல்லுகையில், “யார் பார்க்கின்றார்கள்?” என்று என்னுள் அச்சிறுவன் கேட்கின்றான். அவனை அதட்டுவதில்லை, கையைப் பிடித்து உடன் அழைத்துச் செல்கின்றேன்.