நான் எதுல நிக்கறது, சார்?

‘துணை மின் நிலையம் டிசைன் பண்றேன்’ என்று சொன்னால் போதும், கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார்கள். “எங்க தெருவுல ஏன் சார் அடிக்கடி கரண்ட் போகுது?” அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. எங்கள் கஷ்டமே வேறு!

ஒரு சப்-ஸ்டேஷனை ஒரே ஆள் வரைவதில்லை. எந்தக் கருவி எங்கே, எந்த உயரத்தில் என்பது லே-அவுட்காரர் பாடு. தரைமட்டம், அஸ்திவாரம் எல்லாம் சிவில்காரருக்கு. ரிலே, கேபிள் இன்னொருவருக்கு. மூவருக்கும் ஒரே ஆபீஸ், ஒரே டீக்கடை. டிராயிங் மட்டும் ஜாதகம் மாதிரி அவரவர் பீரோவில் தனித்தனியாக!

எங்கள் ஆபீஸில் ஒரு 220 கே.வி. வேலை. அஸ்திவாரப் படம் சைட்டுக்குப் போயாச்சு. அதன் பிறகு, மழைத் தண்ணீர் தேங்குமே என்று தரைமட்டத்தை 30 சென்டிமீட்டர் உயர்த்தினார் சிவில்காரர். நியாயம்தான். ஆனால் லே-அவுட்காரருக்குச் சேதி போகவில்லை.

‘ஒரு அடிதானே?’ என்கிறீர்களா? ஆள் நிற்கும் இடத்துக்கும், மின்சாரம் உள்ள பாகத்துக்கும் 220 கே.வி.யில் குறைந்தது 4.3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கையைத் தூக்கினாலும் ஆள் பிழைக்க வேண்டும், அதற்காக! படத்தில் இருந்தது 4.5. தரை உயர்ந்ததும் மிச்சம் 4.2. நாளைக்கு ஸ்பானரோடு அங்கே நிற்கப் போகிறவர், ரிவிஷன் நம்பரைப் பார்த்துவிட்டா நிற்பார்?

காப்பாற்றியவர் சைட் மேஸ்திரி. “சார், இந்தப் படத்துல தரை ஒண்ணு சொல்லுது, அந்தப் படத்துல வேற சொல்லுது. நான் எதுல நிக்கறது?” என்று போன் போட்டார். நல்லவேளை, கான்கிரீட் போடவில்லை. அஸ்திவார மட்டத்தையும் உயர்த்தினோம்.

இப்போது எல்லோரும் கம்ப்யூட்டரில் ஒரே மாடலில்தான் வரைகிறோம். கேபிள் கால்வாய் அஸ்திவாரத்தில் முட்டினால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால், “இதை ஏன்யா மாத்தினே?” என்று கேட்காதே! அதனால் திங்கட்கிழமைதோறும் அரைமணி நேரம் எல்லோரும் ஒரே மேஜையில். மாற்றியவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “நான் இதை மாத்தியிருக்கேன், உங்களுக்கு எங்கேயாவது இடிக்குதா?” மற்றவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படம் வெளியே போகும்.

டீ, ஆபீஸ் கணக்கு. அஸ்திவாரத்தை உடைத்துக் கட்டுகிற செலவோடு பார்த்தால், ஆளுக்கு ரெண்டு வடை சேர்த்தாலும் லாபம்தான்!