காற்றில் ஓடும் ரம்பம்

ஒஹாயோ மாநிலத்தின் கோஷாக்டன் கவுண்டியில் என் அலுவலக நண்பருக்கு அப்பா விட்டுப்போன காடு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்ற மான் வேட்டைப் பரண் சென்ற குளிர்காலத்துக் காற்றில் சாய்ந்துவிட்டது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்கும். புதிதாக விலைக்கு வாங்குவதா, தானே கட்டுவதா என்று ஆகஸ்ட் முழுக்கக் கணக்குப் போட்டவர் ஒருநாள், "ஹோம்ஸ் கவுண்டியில் இதைச் செய்கிற ஆமிஷ் தச்சர் ஒருவரைத் தெரியும். வருகிறீர்களா?" என்று கேட்டார். நான் வேட்டைக்காரன் அல்ல. தச்சுப் பட்டறை என்றதும் கிளம்பிவிட்டேன்.

இங்கே இதை 'பிளைண்ட்' என்கிறார்கள். நான் பரண் என்றே எழுதுகிறேன். தினைப்புனத்துப் பரணில் இருப்பவர் குரல் கொடுத்துக் கிளி விரட்டுவார். இந்தப் பரணில் மூச்சும் கேட்கக் கூடாது. நான்கு சுவர், கூரை, கதவு, சன்னல் எல்லாம் உள்ள பெட்டி. மரக்கால்கள் மேல் உயர்ந்து நிற்கும். வெள்ளைவால் மானுக்கு மூக்குதான் முதல் காவல். மூடிய சுவர் மனித வாடையை ஓரளவு அடக்கும். வேட்டைக்காரர் சட்டப்படி அணியும் ஆரஞ்சு நிறம் மான் கண்ணுக்கு மங்கல்தான். ஆனால் அசைவு தப்பாது. அதனால் உட்சுவருக்குக் கறுப்புப் பூசி இருட்டாக வைக்கிறார்கள்.

கொலம்பஸிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். மில்லர்ஸ்பர்க் தாண்டியதும் சாலையோரம் எளிய வாழ்வு வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குதிரை வண்டிகள், கொடியில் கருநீலச் சட்டைகள். மின்கம்பி எட்டாத பட்டறை. ஆனால் உள்ளே ரம்பம் ஓடுகிறது, துளைக்கும் கருவி ஓடுகிறது, ஆணித் துப்பாக்கி படபடக்கிறது. எனக்குப் புரியவில்லை.

தச்சருக்கு அறுபது வயதிருக்கும். சற்றுச் சாய்ந்து நடக்கிறார். என்னைப் பின்புறம் அழைத்துப் போனார். தனிக் கொட்டகையில் டீசல் என்ஜின் ஒன்று கம்ப்ரெசரை ஓட்டுகிறது. பெரிய இரும்புத் தொட்டியில் காற்று அடைபடுகிறது. அங்கிருந்து குழாய்கள் சுவர் வழியே ஒவ்வொரு மேசைக்கும் போகின்றன. கடையில் வாங்கிய ரம்பத்தின் மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்றில் சுற்றும் மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள். ஊர் மின்கம்பியில் சேர்ந்தால் ஊர் உலகமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும் என்பது ஆமிஷ் மக்களின் அச்சம். எதை ஏற்கலாம், எதை விலக்கலாம் என்று ஒவ்வொரு திருச்சபைக் குழுவும் கூடி முடிவு செய்கிறது. அந்த ஒழுங்குக்கு 'ஆர்ட்னுங்' என்று பெயர். கருவியை வேண்டாம் என்று தள்ளாமல், அதன் வேரை மட்டும் மாற்றி நட்டிருக்கிறார்கள். ரம்பம் நின்றதும் குழாயிலிருந்து காற்று நீளமாகப் பெருமூச்சு விட்டது. அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

பரணுக்குச் சட்டம் கட்டியதும் சுவர் எழுப்பியதும் வேகமாக நடந்தன. பிளைவுட் பலகை எட்டடிக்கு நான்கடி அளவில் வருவதால் பரணின் அளவையும் அதுவே தீர்மானிக்கிறது. நாலுக்கு நாலு என்றால் ஒரே பலகையில் இரண்டு தரை கிடைக்கும். தச்சர் நிதானித்தது சன்னலில். மேல் விளிம்பில் கீல். கீலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய நெய்த பட்டை. மழை இறங்கிப் போக அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சரிவு. ஒரு சன்னலை ஐந்து முறை திறந்து மூடினார். ஆறாவது முறை எழுந்த மெல்லிய 'கிரீச்' எனக்குக் கேட்கவே இல்லை. அவர் கீலைக் கழற்றிவிட்டார்.

"கால் எப்படி இருக்க வேண்டும்?" என்று நண்பர் கேட்டார். தச்சர் பதில் சொல்லாமல் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

பதினேழு வயதில் அண்ணனோடு வேட்டைக்குப் போனார். மரக்கவட்டில் பலகை அறைந்து உட்கார்வது அக்கால வழக்கம். மரம் வளரும், காற்றில் ஆடும். ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நான்காம் ஆண்டு பலகை பிடுங்கிக்கொண்டது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆமிஷ் மக்கள் பொதுவாக மருத்துவக் காப்பீடு எடுப்பதில்லை. மருத்துவமனைச் செலவைத் திருச்சபைக் குடும்பங்கள் பங்கிட்டுக் கட்டின. அவர்கள் வழக்கப்படி எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்திருந்தது. வயல் வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. மாமாவின் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலையாகச் சன்னல் செய்யக் கற்றார். "என் இடுப்புக்குக் காசு கொடுத்தவர்களின் பிள்ளைகள் ஏறி உட்காரும் பொருள் இது" என்றார். அதன் பிறகு அவர் கால்களுக்குக் குறுக்குக்கட்டை கொடுத்த விதத்தை வேறு கண்ணோடு பார்த்தேன்.

பட்டறையில் முடிந்து தயாராக நின்ற பரணை எனக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டு வாரம் முன்பு நெடுஞ்சாலை ஓரக் காட்சித் திடலில் அதே சன்னலையும் அதே சரிவையும் பார்த்திருந்தேன். கதவில் மட்டும் விற்பனையாளரின் பளபளப்பான பெயர் வில்லை. விலைச் சீட்டில் இருந்த தொகையில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று தச்சரிடம் கேட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே என்றார். அதுவும் விற்ற பிறகுதான். விற்காதது வசந்தத்தில் திரும்பி வரும், எலி கடித்த தரைவிரிப்போடு. மரத்துக்கு முதல் போட்டவர் இவர், டீசல் ஊற்றியவர் இவர், நட்டமும் இவருக்கே. 2021 மே மாதம் மரவிலை ஆயிரம் போர்டு அடிக்கு 1,600 டாலரைத் தாண்டியபோது கூட ஒப்புக்கொண்ட விலைக்கே செய்து கொடுத்திருக்கிறார்.

தன் பெயரைப் பொருளில் பொறிப்பது இவர்களுக்குத் தற்பெருமை. 'ஹோக்முட்' என்று அஞ்சி விலக்குகிறார்கள். அடக்கத்தால் ஒருவர் காலியாக விட்ட இடத்தில் இன்னொருவர் தன் பெயரை ஒட்டிக் காசு பார்க்கிறார். லாரி ஓட்டுவதற்குக் கூலி உண்டு, திடலுக்கு வாடகை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் விற்றுக் கொடுத்தவர் முதலில் எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைச் செய்தவருக்குத் தருவது எந்த நாட்டில் நடந்தாலும் அநீதி. வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. வில்லையில் இருக்கும் பெயரோடு பேரம் பேசி முடித்து, இது யார் கை வேலை என்று ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியில் ஏற்றுகிறோம். வாங்குவதானால் பட்டறை வாசலில் வாங்க வேண்டும். முடியாவிட்டால், செய்தவருக்கு என்ன போகிறது என்றாவது கேட்க வேண்டும்.

நண்பர் முழுப் பரணுக்கு முன்பணம் எடுத்தார். தச்சர் அவர் கையைத் தடுத்தார். "உங்களிடம் ரம்பம் இருக்கிறதா? பன்னிரண்டு வயதுப் பையன் இருக்கிறானா?" இரண்டும் இருந்தன. "பெட்டியை நீங்களே கட்டுங்கள். அவன் ஆணி எடுத்துக் கொடுக்கட்டும். சன்னல் மட்டும் என்னிடம் வாங்குங்கள். வீட்டில் கட்டுகிற பரண் சன்னலில்தான் ஒழுகும், சன்னலில்தான் சத்தம் போடும். காலில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்." ஒரு தாளில் காலின் சாய்வையும் குறுக்குக்கட்டையின் இடத்தையும் பென்சிலால் வரைந்து கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. கையிலிருந்த விற்பனையை அவராகவே விட்டுக்கொடுத்தார். எந்தக் கணக்கிலும் இது சேராது.

அக்டோபரில் இரண்டு சனிக்கிழமைகள் அந்தக் காட்டில் இருந்தேன். மருந்தேற்றிய மரத்தில் கால்கள். அந்த மருந்து சாதா ஆணியை அரித்துவிடும் என்பதால் துத்தநாகம் பூசிய ஆணிகள். தரையில் இறக்கிய இரும்பு முளைகளோடு காற்றுக்கு எதிராக இழுத்துக் கட்டினோம். பையன் அளவு சொன்னான், அப்பா அறுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். கடைசியில் நான்கு சன்னல்களையும் பொருத்தினோம்.

ஏணியில் முதலில் பையன் ஏறினான். நாங்கள் கீழே நின்று காது கொடுத்தோம். "திறக்கலையா?" என்று அப்பா மேல்நோக்கிக் கேட்டார்.

"நாலையும் திறந்து மூடிட்டேனே!" என்றான்.