உக்கிராணச் சாவி

பழைய தமிழ் பைபிளில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று 'உக்கிராணக்காரன்'. எஜமானனின் சொத்தைப் பராமரித்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவனுக்கு அந்த மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட பெயர் அது. மானேஜர் என்று எழுதியிருந்தால் பொருள் விளங்கியிருக்கும், மணம் வந்திராது. கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடும் பெரியவரை நாம் அறிவோம். அரிசியும் வெல்லமும் நெய்யும் அவர் பொறுப்பு. ஆனால் ஒரு பிடி முந்திரிகூட அவருடையது அல்ல. முதல் பந்தியில் நெய் ஓடுவதை வைத்து அவரை யாரும் மெச்சுவதில்லை. பந்தல் போட்டவனும் பாத்திரம் தேய்த்தவளும் உட்காருகிற கடைசிப் பந்தியில் பாயசம் விழுந்ததா என்பதுதான் அவருக்குப் பரீட்சை.

நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கிறிஸ்தவ மதத்தின்மீது ஒரு குற்றப்பத்திரிகை வாசித்தார். பூமியை மனிதன் கையில் கொடுத்து அதை அடக்கி ஆளச் சொன்ன மதம்தான் காடு அழிந்ததற்கும் நதி கெட்டதற்கும் வேர் என்றார். இது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. 1967-ல் லின் ஒயிட் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். ஆனால் அதே கட்டுரையின் முடிவில், பறவைகளிடமும் உறவு கொண்டாடிய அசிசி நகரத்துப் பிரான்சிஸைச் சூழலியலாளரின் காவல் புனிதராகக் கொள்ளலாம் என்று சிபாரிசும் செய்தார். 1979-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அந்தப் பட்டத்தை வழங்கியும் விட்டார்.

குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆளச் சொல்கிறது. அடுத்த அதிகாரமோ மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் சொல்கிறது. முதல் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அநேகர். அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்கள் சிலர். யாத்திராகமத்தில் இன்னும் நுட்பமான ஒரு கட்டளை இருக்கிறது. ஆறு வருஷம் பயிரிட்ட நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு தரவேண்டும். எதற்கு? அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்பதற்கு. அவர்கள் விட்டதைக் காட்டு மிருகங்கள் தின்பதற்கு. நிலம், ஏழை, மிருகம் மூன்றும் ஒரே கட்டளைக்குள் அடங்கிவிட்டன.

"அதெல்லாம் சரி. முதலில் ஏழையின் வயிறு நிறையட்டும், மரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் நண்பர். நல்ல மனம் படைத்தவர்களே சொல்லுகிற பேச்சு இது. கதை எழுதுகிறவனுக்கு வாதத்தைவிட மனிதர்கள் முக்கியம். ஆகையால் நான் அவருக்கு ஓர் அம்மாளைப் பற்றிச் சொன்னேன்.

டோரதி ஸ்டாங் 1931-ல் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் பிறந்த கன்னிகாஸ்திரீ. 1966-ல் பிரேஸிலுக்குப் போனவர், பிற்பாடு அந்த நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்டார். 1970-களில் அரசாங்கம் அமேசான் காட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு நெடுஞ்சாலை போட்டு, நிலமற்ற ஏழைகளை அங்கே குடியேற அழைத்தது. அவர்களுக்குப் பின்னாலேயே மர வியாபாரிகளும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காட்டின் மண் பெரும்பாலும் சத்தற்றது. சத்தெல்லாம் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் இருக்கிறது. காட்டை எரித்தால் சில வருஷங்கள் புல் முளைக்கும். பிறகு நிலம் சோர்ந்துவிடும். பண்ணைக்காரர் அடுத்த காட்டுக்குப் போவார். வழியில் குடியானவனின் குடிசை இருந்தால், அதுவும் எரியும். மரத்துக்கு ஒரு நெருப்பு, ஏழைக்கு வேறொரு நெருப்பு என்று அங்கே இல்லை.

பாரா மாநிலத்து அனாப்பு என்ற ஊரில் டோரதி அம்மாள், நிலத்தில் சிறு பங்கில் மட்டும் பயிரிட்டு மற்றதைக் காடாகவே காக்கும் குடியிருப்புகளை ஏழைகளுக்காக உருவாக்கப் பாடுபட்டார். 2005 பிப்ரவரி 12 அன்று காட்டுப் பாதையில் இருவர் அவரை மறித்தார்கள். ஆயுதம் உண்டா என்று கேட்டதற்கு அவர் பைபிளை எடுத்துக் காட்டி, மலைப்பிரசங்கத்திலிருந்து வாசித்தார் என்பது வழக்கில் வெளிவந்தது. ஆறு குண்டுகள் பாய்ந்தன. அப்போது அவருக்கு வயது 73.

ஏவிவிட்டவர்களுள் ஒரு பண்ணைக்காரருக்கு 2007-ல் தண்டனை, 2008-ல் விடுதலை, 2010-ல் மறுவிசாரணையில் மீண்டும் 30 ஆண்டுச் சிறை. என் மனத்தை அறுப்பது வேறொன்று. சுட்டவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைகள். உலகத்திலேயே மிக அதிகமான கத்தோலிக்கர்கள் வாழும் நாடு அது. சாவி கிறிஸ்தவர்கள் இடுப்பில்தான் இருந்தது.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. "அப்படியானால் தானதர்மம் செய்வதெல்லாம்?" என்று கேட்டார்.

செய்யட்டும். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட நிருபம், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னது. கேட்கிற கிறிஸ்தவனுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. காட்டையும் ஆற்றையும் இழந்தவனுக்குப் பண்டிகை நாளில் ஒரு போர்வை கொடுத்துவிட்டு, அதைத் தர்மக் கணக்கில் எழுத முடியாது. கொடுக்க வேண்டிய பாக்கியில் ஒரு சிறு தவணை என்றுதான் எழுதவேண்டும்.